பால் கொடுக்கத் தனிக் கதிரை வாங்கலாமா?

தங்கச்சிக்கு இது ஏழாம் மாதம். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அவளுடைய மச்சாள் போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தார். சாம்பல் நிற மெத்தை போட்ட பெரிய கதிரை. இருந்தபடியே முன்னும் பின்னும் வழுக்கி ஆடலாம். காலை நீட்டி வைக்க, அதேபோல ஆடும் முக்காலி ஒன்றும் கூடவே வரும். "கொழும்பில ஓடர் பண்ணுங்கோ, காசு நான் போடுறன்" என்று குரல் பதிவும் வந்தது. பக்கத்தில் இருந்து அதைக் கேட்ட அம்மா, "நாங்கள் என்ன கதிரையில இருந்தே பால் குடுத்தனாங்கள்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். தங்கச்சி இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

நான் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். மூத்தவனுக்குப் பிளாஸ்டிக் கதிரையில், இளையவளுக்கு சீசர் தையலோடு கட்டிலில். அதனால் அவளிடம் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலும் அயலிலும் உள்ள கதிரைகளை எல்லாம் அளந்து பார்த்தேன். எங்கள் வன்னிப் பக்கத்தில் முதற்பிள்ளை பெறப்போகும் வேறு பிள்ளைகளுக்கும் இது உதவலாம்.

முதலில் அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. 2009இல், போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள், உடுப்பு மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என் பெரியம்மாவின் மகள் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இன்று வளர்ந்து நிற்கிறது. கதிரை இல்லாமல் பால் கொடுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவளுக்கு அன்று தொடங்கிய நாரி உளைவு இன்றுவரை போகவில்லை. வேறு வழியில்லாத காலத்தில் பட்ட நோவை, வழி இருக்கிற காலத்தில் இன்னொருத்தி படத்தான் வேண்டுமா? தாய்க்குச் சௌகரியம் கேட்பதை நான் ஆடம்பரமாக எண்ணவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம் என்று வைத்தால், நாளுக்கு 4 முதல் 6 மணித்தியாலம். முதல் இரண்டு மாதத்தில் மட்டும் 300 மணித்தியாலத்துக்குக் கிட்ட வருகிறது. முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு 2 வயதுவரைக்கும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. எங்கள் கிளினிக்குகளிலும் அதையே சொல்கிறார்கள். இவ்வளவு நேரம் ஒருத்தி எங்கே, எப்படி இருக்கிறாள் என்பது சிறிய விஷயம் இல்லை. ஆகவே மச்சாள் கேட்டதும் சரியான கேள்விதான்.

மூத்தவன் பிறந்து ஐந்தாம் நாள் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது எங்கள் பகுதி மருத்துவமாது, வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது முலைக்காம்பு இரண்டும் வெடித்து, பிள்ளை வாய் வைக்கும்போதே கண்ணில் தண்ணீர் வரும். பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்து, பிள்ளையை மடியில் வைத்து, அவன் மேல் கவிழ்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்கள் குனியாதேங்கோ தங்கச்சி, பிள்ளையை உங்களிட்டத் தூக்குங்கோ" என்றார். என்னைக் கதிரையின் பின்பக்கம் முட்ட இருத்தி, நாரிக்கு ஒரு தலையணை, மடியில் ஒரு தலையணை வைத்தார். குசினியில் கிடந்த பலகைக்கட்டையை எடுத்து வந்து காலுக்கடியில் வைத்தார். பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்ட, அவன் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து சேர்த்தார். நாடி மார்பில் முட்டி, கீழ் உதடு வெளியே மடிந்து, காம்போடு கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போனது. கதிரை அதே கதிரைதான். நோவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

அன்று கற்றதை வைத்துத்தான் எந்தக் கதிரையையும் இன்று நான் பார்க்கிறேன். முதுகு முழுக்கச் சாய வேண்டும். இரண்டு குதிக்காலும் நிலத்தில் படவேண்டும். தோள் தொங்காமல் முழங்கை ஓரிடத்தில் தங்க வேண்டும். பிள்ளை முலையின் உயரத்துக்கு வரவேண்டும். இந்த நான்கும் அமைந்தால் அதுதான் பால் கொடுக்கும் கதிரை, கடையில் என்ன பெயர் போட்டு விற்றாலும்.

சரி, மச்சாளின் வழுக்கு கதிரை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நல்ல பொருள்தான். பழைய ஆடுகதிரை வளைந்த காலில் எழும்பி எழும்பித் தாழும். இது கீழே உள்ள இரும்புக் கைகளில் தொங்கியபடி மட்டமாக முன்னும் பின்னும் போகும். பிள்ளையின் தலை குலுங்காது. மெத்தை வைத்த கைகள் முழங்கைக்குச் சுகம். குளிர்நாட்டில், பிள்ளைக்கென்று தனி அறை ஒதுக்கி, துணைக்கு ஆளில்லாமல் ஒருத்தி இரவில் தனியே இருந்து பால் கொடுக்கிற வீட்டுக்கு அது பொருந்தும். மச்சாள் தன் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார். தனக்கு உதவியதை எங்களுக்கும் தர நினைத்திருக்கிறார்.

ஆனால் எங்கள் வீடு வேறு. தங்கச்சி இருப்பது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. அறையில் கட்டிலும் அலுமாரியும் போட்டால் மிஞ்சுவது நடக்கிற இடம் மட்டும். முக்காலியோடு சேர்த்து அந்தக் கதிரை ஐந்தடி நீளத்தைப் பிடிக்கும், ஆடுவதற்குப் பின்னால் இன்னும் இடம் விடவேண்டும். கூடத்தில் போட்டால், பிள்ளை பார்க்க வருகிற சனத்துக்கு முன்னால் இருந்து பால் கொடுக்கவேண்டி வரும். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியுமட்டும் அந்த வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போவார்கள் என்பது தெரிந்ததுதானே.

இடத்தைவிட எனக்குக் கவலை, வெக்கை. தங்கச்சிக்கு நாள் குறித்திருப்பது வைகாசியில். மழை இல்லாமல் சோளகக் காற்றுப் புழுதியை அள்ளி வீசுகிற காலம். தாயும் பிள்ளையும் ஒட்டி இருக்கும்போது இரண்டு உடம்பின் சூடும் சேரும். அதற்கு மேல் முதுகுக்கும் தொடைக்கும் பஞ்சு மெத்தையும் பொலியெஸ்டர் துணியும் என்றால் வேர்வை ஆறாது. பிள்ளை கக்கும், பால் ஒழுகும். அந்தத் துணியைக் கழற்றிக் கிணற்றடியில் தோய்க்க முடியாவிட்டால் இரண்டாம் கிழமையே புளித்த மணம் வரும். ஆடுகிற பொறிக்குள் புழுதி போனால் கிறீச்சிடத் தொடங்கும். உள்ளூரில் அதைத் திருத்த ஆள் தேடவேண்டும். ஆடும் இரும்புக் கைகளுக்குள் விரலை விடாமல் அயல்வீட்டுச் சின்னதுகளைக் காப்பதும் ஒரு வேலை.

ஆட்டுவதற்கு எங்களிடம் ஏணை இருக்கிறது. கூரை வளையில் பழஞ்சேலை கட்டினால் செலவே இல்லை. பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டாமல் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கண் படுகிற இடத்தில் கட்டினால் போதும். பால் குடிக்கும்போது பிள்ளைக்கு ஆட்டம் தேவையும் இல்லை.

இன்னொன்று எனக்கு ஆர்வமாக இருந்தது. இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் காலத்தில் பால் கொடுப்பதற்கென்றே கதிரை செய்திருக்கிறார்கள். அது இன்றைய மெத்தைக் கதிரை மாதிரி இல்லை. இருக்கை நிலத்துக்குக் கிட்ட, பெரும்பாலும் கைகளே இருக்காது. தாழ இருந்தால் பாதம் நன்றாக ஊன்றும், மடி தானாக உயரும். கை இல்லாததால் பிள்ளையை எந்தப் பக்கமும் பிடிக்கலாம். எங்கள் அம்மம்மாக்கள் பலகைக்கட்டையில் இருந்து, சுவரில் சாய்ந்து பால் கொடுத்ததற்கும் அதற்கும் எவ்வளவு கிட்ட!

பிளாஸ்டிக் கதிரைக்கு வருகிறேன். வன்னியில் அது இல்லாத வீடு இல்லை. எங்கள் வீட்டுக் கதிரையின் இருக்கை 17 அங்குலம் உயரம். தங்கச்சி ஐந்தடி. அவளுடைய முழங்கால் மடிப்பின் உட்பக்கம் நிலத்திலிருந்து 15 அங்குலம்தான். அதனால் அவள் பின்னால் சாய்ந்தால் குதிக்கால் தூக்குப்பட்டு நிற்கிறது. காலை ஊன்றினால் நுனிக்கு வருகிறாள், முதுகு சாய்வதில்லை. பிளாஸ்டிக் கதிரையில் பால் கொடுக்கும் எங்கள் பெண்களில் பலர் படுகிற நாரி நோவின் காரணம் இந்த இரண்டு அங்குலம்தான். காலுக்கடியில் ஒரு பலகைக்கட்டை, இல்லாவிட்டால் பழைய துணி சுற்றிய ஒரு சீமெந்துக் கல் வைத்தால் தீர்ந்துவிடும்.

அதன் கைகளும் ஒரு பக்கம் உதவி, ஒரு பக்கம் இடைஞ்சல். மடியில் பிள்ளையைக் குறுக்கே கிடத்திக் கொடுக்கும்போது முழங்கைக்கு அவை நல்ல தாங்கல். ஆனால் பிள்ளையைக் கமக்கட்டுக்குள் வைத்து, காலைப் பின்பக்கம் நீட்டிப் பிடிக்கும்போது கதிரையின் கை பிள்ளையின் காலை முட்டும். சீசர் செய்த தாய்க்கும் இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கும் அந்தப் பிடிதான் வேண்டும், வயிற்றில் பாரம் படாது. அவர்களுக்குச் சாப்பாட்டு மேசையின் கையில்லாத மரக்கதிரை நல்லது, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தலையணை வைத்தால் பிள்ளை அதில் தங்கும். பிளாஸ்டிக்கில் முதுகு வேர்க்கும், ஒரு துவாயை மடித்துப் போட வேண்டும். வெயிலில் கிடந்து வெளிறிய கதிரையில் மட்டும் பிள்ளையோடு இருக்காதீர்கள். அது நொறுங்கும் பதத்தில் இருக்கும், காலைப் பரப்பிக்கொண்டு விழுத்தும்.

சாய்மனைக் கதிரை இருக்கிற வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் அப்பப்பாவின் முதிரைக் கதிரை இடப்பெயர்வோடு போய்விட்டது. பிரம்புப் பின்னலில் காற்றுப் போகும், பின்னால் நன்றாகச் சரிந்து பிள்ளையை நெஞ்சின் மேல் கிடத்தியபடி கொடுக்கலாம். பால் வேகமாக வந்து பிள்ளை புரைக்கேறுகிற தாய்க்கு அப்படிச் சரிந்து கொடுப்பது கை கண்ட வழி. ஆனால் அதிலிருந்து பிள்ளையோடு எழும்புவது பெரும்பாடு, வயிற்றில் தையல் இருந்தால் இன்னும் மோசம். பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒராள் பக்கத்தில் நிற்கவேண்டும். மெத்தை வைத்த சோபா செற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கை ஆழம் கூட. ஐந்தடிப் பெண் முதுகைச் சாய்த்தால் முழங்கால் நீட்டி நிற்கும். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தால் சமாளிக்கலாம்.

கதிரையோ சோபாவோ, ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு மெத்தைக் கதிரையில் சரிந்து பால் கொடுத்தபடி தாய் தூங்கிப்போவது மிகவும் ஆபத்து. பிள்ளை அவளுக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கி மூச்சு முட்டலாம். கட்டிலில் தூங்கிப்போவதைவிட இது பல மடங்கு ஆபத்தானது. எவ்வளவு சுகமான கதிரையோ அவ்வளவு சீக்கிரம் நித்திரை வரும். மச்சாள் அனுப்பிய படத்தைப் பார்த்தவுடன் என் மனதில் முதலில் வந்த பயமும் இதுதான்.

ஆகவே இரவுக்குக் கதிரையே வேண்டாம் என்பது என் முடிவு. ஒருக்களித்துப் படுத்து, பிள்ளையையும் ஒருக்களித்துத் தன் பக்கம் திருப்பி, மூக்கு முலைக்காம்புக்கு நேரே வர வைத்துக் கொடுக்கலாம். இளையவள் பிறந்து முதல் இரண்டு கிழமையும் நான் வேறு எப்படியும் கொடுக்கவில்லை. முழங்காலுக்கிடையில் ஒரு தலையணை வைத்தால் தையல் இழுக்காது. மெத்தை இறுக்கமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்த நார்க்கட்டில் தாய்க்குச் சுகம், பிள்ளை உருண்டு தாயோடு முகம் ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம். குடித்து முடிந்ததும் பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, அதன் முகத்துக்குக் கிட்டத் தலையணையோ தடித்த போர்வையோ இல்லாமல் பார்க்க வேண்டும். மாதம் முந்திப் பிறந்த, எடை குறைந்த பிள்ளை என்றால் பால் கொடுத்ததும் பக்கத்தில் தனிப் படுக்கையில் கிடத்துவதுதான் நல்லது. குடித்து வெறிக்கிற தகப்பன் அந்தக் கட்டிலில் படுக்கவே கூடாது. இதை எங்கள் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள், சொல்லத்தான் வேண்டும்.

நிலத்தில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்து சப்பாணி கட்டி இருப்பது பகலில் நல்ல வழி. மடித்த முழங்கால் மேல் தலையணை வைத்தால் பிள்ளை சரியான உயரத்துக்கு வரும், விழவும் இடமில்லை. முழங்கால் மடங்கினால் போதும், சதக் காசு செலவில்லை. ஆனால் இரவில் நிலத்தில் படுப்பது எங்கள் பக்கம் வேறு கதை. நித்திரையில் இருப்பவரைக் கட்டுவிரியன் கடிப்பது வன்னியில் புதிதில்லை, அதன் கடி அநேகமாக வலிக்கவும் மாட்டாது. கட்டில் நல்லது. பாய்தான் என்றால் நுளம்பு வலையின் ஓரத்தைச் சுற்றிவரப் பாய்க்கடியில் செருகியே படுக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மரவேலை செய்யும் எங்கள் ஊர் ஓடாவியாரிடம் போனேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போய் அவருடைய வாங்கில் இருத்தி அளந்தோம். சொன்ன கதிரை இதுதான்: இருக்கை உயரம் 15 அங்குலம், ஆழம் 17, கைகளுக்கு இடையில் 22. கை இருக்கையிலிருந்து 8 அங்குலம் மேலே, மேற்பக்கம் நாலு விரல் அகலம். முதுகு தலைவரை எழும்பிக் கொஞ்சமாகச் சரிய வேண்டும். இருக்கையும் முதுகும் வயர்ப் பின்னல், காற்றுப் போகும், தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மரம் வேம்பு, கறையான் இலேசில் தொடாது. இன்னும் தாழ்த்திப் 13 அங்குலத்தில் செய்யலாமா என்று யோசித்தேன். ஓடாவியாரே மறித்தார். பிள்ளைப்பெறு முடிந்த உடம்போடு அவ்வளவு தாழ இருந்து எழும்புவது கஷ்டம், பிறகு அம்மாவின் முழங்காலுக்கும் அது உதவாது என்றார். அவர் சொன்னது சரி. ஐந்தரை அடிப் பெண்ணுக்கு 15 போதாது, 16க்கு மேல் வரவேண்டும். ஆளை இருத்தி அளக்காமல் செய்விக்காதீர்கள். அவர் கேட்ட கூலியும் மரமும் வயரும் சேர்ந்து கொழும்புக் கதிரையின் விலையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பால் குடி மறந்த பிறகு விறாந்தையில் போடலாம்.

கடைக் கதிரையை வாங்குங்கள் என்று நான் சொல்லக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். முதலே முள்ளந்தண்டில் வருத்தம் உள்ளவர், வீட்டில் இடமும் மின்விசிறியும் இருப்பவர், இரண்டு மூன்று பிள்ளைகள் என்று நினைத்திருப்பவர். ஆனால் படத்தைப் பார்த்து ஓடர் பண்ண வேண்டாம். போய் இருந்து, குதிக்கால் நிலத்தில் படுகிறதா, துணியைக் கழற்றித் தோய்க்கலாமா, ஆட்டத்தை நிறுத்திப் பூட்ட முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறவருக்கு, பகலில் அந்தக் கதிரை வெறுமனே கிடக்கும் என்பதையும் யோசிக்கச் சொல்வேன்.

கதிரையால் தீராத நோவும் உண்டு. சரியாக இருந்தும் காம்பு வெடித்துக்கொண்டே இருந்தால், மார்பு கட்டிச் சிவந்து காய்ச்சல் வந்தால், பிள்ளைக்கு எடை ஏறாவிட்டால், கதிரையை மாற்றிக்கொண்டிருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். அவர் பால் கொடுப்பதை ஒருதரம் நேரே பார்த்தாலே பாதி பிடிபடும்.

மச்சாளோடு நேற்று இரவு பேசினேன். கதிரையை எப்படிச் செய்விக்கிறோம், ஏன் என்று முழுவதும் சொன்னேன். அவர் மனம் நோகுமோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் தனியக் கிடந்து பால் குடுத்த மாதிரி அவள் குடுக்கக் கூடாது எண்டுதான் நினைச்சனான்" என்றார். அனுப்பும் காசில் ஓடாவியாருக்குக் கொடுத்தது போக மிச்சத்துக்கு அறைக்கு ஒரு மின்விசிறியும் இரண்டு நல்ல தலையணையும் வாங்குவது, முப்பத்தொன்றுவரை சமைக்கவும் தோய்க்கவும் அயலில் ஒரு அக்காவைக் கூலிக்கு வைப்பது என்று பேசி முடிவெடுத்தோம். அம்மாவுக்கு அந்தக் கடைசி முடிவு நல்லாய்ப் பிடித்துவிட்டது. பத்தியக் கறி மட்டும் தான்தான் வைப்பேன் என்கிறார்.

கதிரை அடுத்த செவ்வாய் வருகிறது. தங்கச்சி அதில் இருந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு குதிக்காலும் சீமெந்தில் முட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஓடாவியாருக்கு மிச்சக் காசு.